சூப்பர்சார்ஜர் போட்ட 1275 மினிக்கு இன்ஜெக்‌ஷன்: இன்ஜெக்டர எங்க வைக்கிறது?

செந்தூல் மினி:
வணக்கம் எல்லாருக்கும். அப்பா விட்டுட்டுப் போன மினி, 1275 சிசி இஞ்சின், அதுல புது மினியான ஆர்53 கூப்பர் எஸ்ல வர்ற ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர (காத்த அழுத்தி இஞ்சினுக்குள்ள தள்ற பம்ப்) ஹாஃப்கட் கடைல (பழைய காடி பாகம் விக்கிற கடை) வாங்கிப் போட்டு ரெண்டு வருஷமா ஓட்டுறேன், சார்ஜருக்கு முன்னாடி ஒரே ஒரு எஸ்யு கார்புரேட்டர், பூஸ்ட் (சார்ஜர் தர்ற கூடுதல் காத்தழுத்தம்) 8 பிஎஸ்ஐ. காலைல அருமையா ஓடும். சாயங்காலம் ஜாலான் துன் ரசாக் ஜேம்ல அரை மணி நேரம் நின்னா போதும், சூட்டுல பெட்ரோல் கொதிச்சு ஐடில் விழுந்துரும், ஆஃப் பண்ணிட்டா திரும்ப ஸ்டார்ட் ஆக பத்து நிமிஷம் ஆகும். அத விட பயம் காராக் ஹைவே ஏத்தம். கெந்திங் செம்பா பக்கம் நாலாவது கியர்ல மிதிச்சா உள்ள கணகணன்னு தட்டுது, இத்தனைக்கும் ரோன்97 தான் ஊத்துறேன். கார்புரேட்டர் நீடில் மாத்தி மாத்திப் பாத்தாச்சு, இஞ்சின் வேகமா சுத்துறப்ப சரி பண்ணா மெதுவா சுத்துறப்ப கறுப்புப் புகை.

அதான் இசியு (இஞ்சின ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர்) போட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறலாம்னு இருக்கேன், ஸ்பீடுயினோ இல்லன்னா மேகாஸ்குவர்ட். ஃபோர்மன் (மெக்கானிக்) என்ன சொல்றாருன்னா, மேனிஃபோல்டுல (இஞ்சினுக்கு காத்து போற குழாய்) போர்ட்டுக்கு (ஹெட்ல இருக்கிற வாசல்) ஒண்ணுன்னு ரெண்டு ஓட்டை போட்டு ரெண்டு இன்ஜெக்டர வச்சு ரெண்டும் ஒண்ணா அடிக்கிற மாதிரி விட்டுரலாம், ஒரு வைட்பேண்ட் லாம்டா (புகைய வச்சு காத்து-பெட்ரோல் விகிதம் சொல்ற சென்சார்) இருந்தா மேப் (எப்ப எவ்ளோ பெட்ரோல் அடிக்கணும்ங்கிற அட்டவணை) பண்ணிரலாம்ங்கிறாரு. மொத்தம் 6 ஆயிரம் வெள்ளி கேக்குறாரு. செய்யலாமா? அப்பாவோட காடி, இஞ்சினுக்கு ஏதும் ஆச்சுன்னா மனசு தாங்காது.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:
தம்பி, ஓட்டை இன்னும் போடல இல்ல? போடாதீங்க, முதல்ல இத படிங்க.

மினி ஹெட்ல மொத்தமே அஞ்சு போர்ட்டு, அதுல இன்டேக் (காத்து உள்ள போறது) ரெண்டு தான். 1க்கும் 2க்கும் ஒரே வாசல், 3க்கும் 4க்கும் ஒரே வாசல். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர் எரியிற வரிசை) 1-3-4-2. அதாவது 2 இழுத்து முடிச்ச கையோட 1 இழுக்கும், அதுக்கப்புறம் கிராங்க் ஒரு முழு சுத்து சுத்துற வரைக்கும் அந்த வாசல்ல யாரும் இழுக்க மாட்டாங்க. அந்த நேரத்துல அடிச்ச பெட்ரோல் வாசல்லயே தேங்கி நிக்கும், அடுத்து முதல்ல வால்வு தொறக்கிற 2 அத வாரிக்கும், பின்னாடி வர்ற 1க்கு காத்து தான் மிச்சம். அந்தப் பக்கம் 3 வாரிக்கும், 4 பட்டினி.

நான் இத புத்தகத்துல படிச்சு சொல்லல. உங்க ஃபோர்மன் சொல்ற அதே மாதிரி தான் நானும் ஒரு வொர்க்‌ஷாப்ல போட்டேன். லாம்டா மீட்டர்ல பூஸ்ட்ல 11.8 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.8 பங்கு காத்து) காட்டுது, எல்லாம் சரியா இருக்குன்னு நம்பி கேஎல் போயிட்டு வர்றேன், மெனோரா சுரங்கத்துக்கு முந்தின ஏத்தத்துல திடீர்னு இழுவை போச்சு, பிரீதர் வழியா நீலப் புகை. வீட்டுக்குக் கொண்டாந்து பிளக்க கழட்டி வரிசையா வச்சேன். 2ம் 3ம் அடுப்புக்கரி மாதிரி, 1ம் 4ம் சுண்ணாம்பு வெள்ளை. ஹெட்ட தூக்கினா நாலாவது பிஸ்டன் ஓரம் ரிங் வரைக்கும் உருகி, பல்லு விழுந்த மாதிரி இருக்கு. லாம்டா பொய் சொல்லல தம்பி, அது நாலு சிலிண்டர் புகையும் கலந்த இடத்துல உக்காந்து சராசரிய சொல்லுது. ரெண்டு ரிச் (பெட்ரோல் கூட), ரெண்டு லீன் (பெட்ரோல் குறைச்சல்), கூட்டிப் பாத்தா அழகான நம்பர்.

வாசல்லயே தான் வைக்கணும்னா கேம் சென்சார் (எந்த சிலிண்டர் இழுக்குதுன்னு இசியுக்கு சொல்றது) போட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரம் பாத்து தனித்தனியா அடிக்கணும். ரோவரே 1996ல எம்பிஐ மினிய ரெண்டே இன்ஜெக்டர வச்சுத் தான் விட்டான், ஆனா அதுல பூஸ்ட் கிடையாது. 6000 ஆர்பிஎம்ல ஒரு சிலிண்டர் இழுக்கிற நேரம் 5 மில்லிசெகண்ட், அதுல இன்ஜெக்டர் தொறக்கவே கிட்டத்தட்ட ஒண்ணு போயிரும். பூஸ்டுக்கு வேணுங்கிற பெட்ரோல அதுக்குள்ள தள்ளணும்னா ரொம்ப பெரிய இன்ஜெக்டர் வேணும், அப்புறம் ஐடில் நிக்காது.

நான் கடைசில செஞ்சது சுலபம். திராட்டில் பாடிக்கும் எம்45க்கும் நடுவுல ஒரு அலுமினிய பிளேட், அதுல ரெண்டு இன்ஜெக்டர். கார்புரேட்டர் இருந்த அதே இடம் தான். பெட்ரோலும் காத்தும் ரோட்டருக்குள்ள அரைபட்டு ஒண்ணா கலந்து போகுது, எந்த சிலிண்டர் முதல்ல இழுத்தா என்ன, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. பெட்ரோல் ஆவியாகிறப்ப சார்ஜரும் கொஞ்சம் குளிரும். இப்ப நாலு பிளக்கும் ஒரே நிறம்.

கிள்ளான் வயரிங்:
அண்ணன் சொன்னது சரி. நான் இன்னொன்னு சொல்றேன், காராக்ல தட்டுற சத்தம் பெட்ரோல் கோளாறு மட்டும் இல்ல, பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குக்கு தீப்பொறி பிரிச்சு அனுப்புறது) பூஸ்ட் ஏறுறதே தெரியாது, அதுபாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு (தீப்பொறிய முன்கூட்டியே விட்டுட்டு) இருக்கும். இன்ஜெக்‌ஷன் போடுறப்ப இக்னிஷனையும் சேத்து இசியுகிட்ட குடுத்துருங்க, பாதி வேலைய செஞ்சு விட்டுராதீங்க. கிராங்க் புல்லில 36-1 வீல் (36 பல்லுல ஒண்ணு இல்லாத சக்கரம்), ஒரு சென்சார், ரெட்டை காயில் பேக், வேஸ்டட் ஸ்பார்க் (ரெண்டு பிளக்குக்கு ஒரே நேரத்துல தீப்பொறி). சார்ஜருக்கு முன்னாடி அடிச்சா கேம் சென்சாரே வேணாம். ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி அட்வான்ஸ குறைச்சு இக்னிஷன் மேப்ப ஆரம்பிங்க, 8 பிஎஸ்ஐல 8 டிகிரி, டைனோல (காடிய நிறுத்தி வச்சே பவர் அளக்கிற மெஷின்) சத்தம் கேட்டுக் கேட்டு நகத்துங்க.

செந்தூல் மினி:
ரொம்ப நன்றி அண்ணே, படிச்சிட்டு கை நடுங்கிருச்சு. மூணு கேள்வி. நிமிஷத்துக்கு எத்தனை சிசி அடிக்கிற இன்ஜெக்டர்? இன்டர்கூலர் (அழுத்தின காத்த குளிர வைக்கிறது) சேக்கலாமா? பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரோட வாக்யூம் குழாய மேனிஃபோல்டுல குடுத்தா போதுமா?

ஆயர் ஈத்தாம் அண்ணன்:
110 ஹார்ஸ்பவர்னு வைங்க. பூஸ்ட் இஞ்சினுக்கு ஒரு ஹார்ஸ்பவருக்கு மணிக்கு 0.6 பவுண்ட் பெட்ரோல்னு கணக்கு, 66 பவுண்ட். மணிக்கு ஒரு பவுண்டுன்னா நிமிஷத்துக்கு 10.5 சிசி, ஆக 693. ரெண்டா பிரிச்சு, 80 சதவீதத்துக்கு மேல வேலை வாங்காம இருக்க 0.8ஆல வகுத்தா 433. 440 சிசி ரெண்டு வாங்குங்க.

இன்டர்கூலர் வேணவே வேணாம். கலந்த பெட்ரோல் அதுக்குள்ள போய் ஒதுங்கி தேங்கும், ஒரு பேக்ஃபயர் வந்தா பானெட்டோட போகும்.

மூணாவது கேள்வில தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. இன்ஜெக்டர் மூக்கு எந்த இடத்துல இருக்கோ அந்த இடத்து பிரஷர் தான் ரெகுலேட்டருக்குத் தெரியணும். உங்களுக்கு அது திராட்டிலுக்கும் சார்ஜருக்கும் நடுவுல, அங்க பூஸ்ட் கிடையாது. குழாய அந்த பிளேட்லேர்ந்தே எடுங்க. மேப் சென்சார் (மேனிஃபோல்டு பிரஷர அளக்கிறது) குழாய் மட்டும் சார்ஜருக்குப் பின்னாடி மேனிஃபோல்டுல. மாத்தி மாட்டினா பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் பிரஷரும் சேந்து ஏறி, இசியு மேப்ல இருக்கிற நம்பர் எதுவும் உங்களுக்குப் புரியாது.

கிள்ளான் வயரிங்:
ரிட்டர்ன் லைன் மறக்காதீங்க. 3 பார் பம்ப் ஓடுறப்ப பெட்ரோல் சுத்தி டேங்குக்கே திரும்பிட்டு இருந்தா ஜேம்ல கொதிக்கிற தொல்லை போயிரும். டேங்க் சின்னது, வளைவுல ஒரு பக்கம் ஒதுங்கும், பூட்ல பம்புக்கு பெட்ரோல் தட்டாம இருக்க ஒரு சின்ன சர்ஜ் டேங்க் வச்சுருங்க.

செந்தூல் மினி:
நேத்து ராத்திரி பிளக் நாலையும் கழட்டி பேப்பர்ல வச்சுப் பாத்தேன். கார்புரேட்டர்ல ஓடினதால நாலும் ஒரே பழுப்பு நிறம், அண்ணன் சொன்ன மாதிரி பங்கு சரியா தான் போயிருக்கு. ஆனா டார்ச் அடிச்சு கிட்டப் பாத்தா நாலு பீங்கான்லயும் மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி, அது தட்டினதோட அடையாளம்னு ஃபோர்மனே ஒத்துக்கிட்டாரு. டைமிங்க கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வச்சாச்சு, இசியு வர்ற வரைக்கும் காராக் பக்கம் போகப் போறதில்ல. மேனிஃபோல்டுல ஓட்டை போடல. பிளேட்டுக்கு அளவெடுத்து ஈப்போ ரோட்ல ஒரு லேத் கடைல குடுத்துட்டேன், புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. மாட்டினதும் படம் போடுறேன்.