ஓராண்டு எம்.எஸ்சி.க்கு வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கலாமா?

திருச்சி அப்பா:
மகளுக்கு இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 30 லட்சம் கடன் தேவை. எங்களுக்கு இருப்பது ஒரே வீடு. வங்கியில் அதன் பத்திரத்தைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

காவிரிக்கரை:
கொடுக்காதீர்கள் அண்ணா. 10 சதவீத வட்டி என்றே வைத்துக்கொள்வோம். படிக்கிற வருடமும் அதற்கடுத்த வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு வருடத்தில் கடன் 36 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 47,500 ரூபாய் வேண்டும். அங்கே வேலை அமையாமல் இங்கே வந்து 40,000 சம்பளத்தில் சேர்ந்தால் வீட்டை யார் மீட்பது? ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. அங்கே முயற்சி செய்யட்டும்.

ஆகன்வாசி:
ஜெர்மனியின் ஆகன் நகரில் படிப்பவன் என்பதால் சொல்கிறேன், இங்கேயும் இலவசம் இல்லை. விசாவுக்கே பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும். அது மாதம் 992 யூரோவாக நம் கைக்கு வந்து ஒரே வருடத்தில் தீரும். முதுகலையோ பெரும்பாலும் இரண்டு வருடம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. ஜெர்மன் பேசாமல் பகுதி நேர வேலை தேடுவதும் லேசல்ல. இங்கிலாந்தில் ஒரு வருடம் முன்னதாகவே சம்பாதிக்கத் தொடங்கலாம். அதையும் கணக்கில் சேருங்கள். நான் கொடுக்கலாம் என்பேன்.

காவிரிக்கரை:
வேலை கிடைத்தால்தானே தம்பி அந்த ஒரு வருடச் சம்பளம்? படித்து முடித்தபின் இங்கிலாந்தில் தங்கி வேலை தேட இதுவரை இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான்.

ஆகன்வாசி:
ஜெர்மனியிலும் அதே 18 மாதம்தானே!

காவிரிக்கரை:
இருக்கட்டும். 18 மாதம் முடிந்து வெறுங்கையோடு திரும்பினால், ஜெர்மனியில் படித்தவர் தலையில் கடன் குறைவு, இங்கிலாந்தில் படித்தவர் தலையில் 36 லட்சம். எனக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம். அதுவும் குடியிருக்கிற வீட்டின் மேல்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
பத்திரம் கொடுக்காமல் கடன் வாங்கினாலும் நீங்கள் இணைக் கடனாளிதான் சார். மகள் கட்டாவிட்டால் உங்களிடம்தான் வருவார்கள். அடமானம் இருந்தால் வட்டி கொஞ்சம் குறையும். நான் பார்த்தவரை பலர் தவறவிடுவது ஒன்று: படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவிடலாம். 30 லட்சத்துக்கு மாதம் 25,000 வரும். கட்டினால் அசல் 30-லேயே நிற்கும். அந்த 25,000 இப்போதே சிரமம் என்றால் இந்தக் கடன் உங்கள் சக்திக்கு மீறியது. வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும்.

திருச்சி அப்பா:
15,000 வரை கட்ட முடியும் சார், அதற்குமேல் முடியாது. பல்கலைக்கழகத்துக்கு டெபாசிட் இன்னும் கட்டவில்லை.

காவிரிக்கரை:
அப்படியானால் கட்டுவதை நிறுத்திவையுங்கள் அண்ணா. விசா மறுக்கப்பட்டால் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள். நாமாக மனம் மாறினால் கிடைப்பது கடினம். விதிமுறையை முழுதாகப் படித்துவிட்டு, அடுத்த வருடத்துக்குள் ஜெர்மனிக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் பட்டம் உண்மையானது என்று சரிபார்த்துத் தரும் சான்று) வாங்க முடியுமா என்று மகளிடம் பேசுங்கள்.

ஆகன்வாசி:
நான் இன்னமும் இங்கிலாந்து பக்கம்தான். ஆனால் 15,000 என்றால் 30 லட்சம் வேண்டாம் ஐயா. ஏ.பி.எஸ். பற்றி மகளுக்குச் சந்தேகம் இருந்தால் இங்கேயே கேட்கச் சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன்.