பட்டியின் ஓரத்துக்கு ஒரு சொல்: ‘ஃபெதரிங்’

வணக்கம்.

உட்சுவரில் ஆணி, திருகாணி பிடுங்கிய ஓட்டைகளை அடைப்பது பற்றிய கையேட்டில் ஒரே ஒரு சொல் முடியாமல் நிற்கிறது. பட்டி (சுவரைச் சமன்செய்யப் பூசும் ‘புட்டி’), பட்டித் தகடு, உப்புத்தாள், பிரைமர் (பெயிண்டுக்கு முந்திய அடிப்பூச்சு) ஆகியவற்றுக்குப் புழக்கத்தில் உள்ள பெயர்களையே வைத்துவிட்டேன். அடைத்த பட்டியைச் சுற்றிலும் மெல்லிசாக இழுத்து, சுவர் எங்கே முடிகிறது, பட்டி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் செய்கிறோமே, அந்த ஃபெதரிங்குக்கு ‘இறகிடல்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

---

ஐயா, ‘இறகிடல்’ வேண்டாம். தமிழில் இறகு என்றால் பறவையும் எடையின்மையும்தான் முன்னே வரும். ஓரம் தேய்ந்து இல்லாமல் போவது மனத்தில் வராது. தகட்டைக் கையில் எடுத்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ஆகவே வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

8 மி.மீ. பிளக் (திருகாணியைப் பிடிக்கச் சுவருக்குள் செருகும் குழல்) இருந்த ஓட்டை என்று கொள்வோம். பிளக்குக்குள் திருகாணியை மூன்று சுற்று மட்டும் ஏற்றிக் குறடால் இழுத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். ஓட்டையின் வாய் சற்று உப்பியிருக்கும்; அதைத் தகட்டு முனையால் சீவி எடுக்காவிட்டால் எத்தனை பூச்சு பூசினாலும் அங்கே மேடு தெரியும். தூசியை ஊதித் தள்ளி, உள்ளே தண்ணீர் தொட்டு நனைக்க வேண்டும். ஆழத்தைப் பட்டியாலேயே நிரப்பக் கூடாது. தடிமனாகப் போட்ட பட்டி காயும்போது சுருங்கி, நடுவில் குழியும் சுற்றிலும் வெடிப்பும் விழும். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த கலவையை அடைத்து, மேலே 2 மி.மீ. பள்ளம் விட்டு, மறுநாள் பட்டி பார்க்கலாம்.

நீங்கள் கேட்கும் வேலை இங்கேதான் வருகிறது. முதல் இழுப்பில் தகட்டைச் சாய்த்துப் பட்டியை உள்ளே அழுத்துகிறோம். அடுத்த இழுப்பில் 4 அங்குலத் தகட்டின் வெளிமூலையில் அழுத்தம் கொடுத்து, ஓட்டைப் பக்கத்து மூலையை மயிரிழை தூக்கி இழுக்கிறோம். ஓட்டைக்கு மேல் அரை மி.மீ. இருக்கும் பட்டி, 5 செ.மீ. தள்ளிப் போகும்போது ஒன்றுமில்லாமல் ஆகிவிட வேண்டும். அப்படி ஆகாமல் படியாக நின்றால், சுவரை ஒட்டிய டியூப் லைட்டைப் போட்டதும் அந்தப் படியின் நிழல் வட்டமாகத் தெரிந்துவிடும்.

---

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் ‘ஓரம் கரைத்தல்’ எப்படி? கரை என்பதே ஓரம்தான். அது கரைந்து போவதும் சொல்லில் இருக்கிறது.

---

அழகான சொல்தான், ஆனால் இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. ‘பட்டி கரைத்தல்’ என்றால் பெயிண்டருக்குத் தூளைத் தண்ணீரில் குழைப்பது: ஒரு கிலோ வெள்ளைச் சிமெண்ட் பட்டிக்கு 360 முதல் 400 மி.லி. வரை தண்ணீர். ‘ஓரத்தைக் கரை’ என்று படித்தவர் ஈரத் துணியால் ஓரத்தைத் துடைத்துவிடுவார். சிமெண்ட் பட்டியில் அப்படித் துடைத்தால் ஓரம் மாவாக உதிரும். ‘ஓரம் சரித்தல்’ என்றும் யோசித்தேன். அது தச்சர் பலகை விளிம்பைச் சாய்வாகச் செதுக்குவதோடு குழம்பும். அங்கே விளிம்பு வெட்டாக நிற்கிறது, இங்கே விளிம்பே மறைகிறது.

என் பரிந்துரை ‘ஓரம் மெலித்தல்’. தடிமன் குறைகிறது என்பதை நேராகச் சொல்கிறது.

---

இடையில் ஒரு ஐயம். மெலித்தல் என்பது நன்னூல் சொல்லும் செய்யுள் விகாரம் அல்லவா? வல்லெழுத்து மெல்லெழுத்தாவது. ஒரே சொல் இரண்டு துறையில் வரலாமா?

---

வரலாம், ஐயா. இலக்கண வகுப்பில் யாரும் பட்டி பார்ப்பதில்லை. ‘ஓரம்’ என்ற முன்சொல்லும் துறையைக் காட்டிவிடுகிறது. பெயராக வரும்போது ‘மெலியோரம்’ என்று வினைத்தொகையாக்கலாம். கையேட்டில் இப்படி வரும்:

“பட்டியின் ஓரத்தை நான்கு பக்கமும் 5 செ.மீ. மெலிக்கவும். காய்ந்தபின் மெலியோரத்தை 220 எண் உப்புத்தாளால் விரல் அழுத்தத்தில் மட்டும் தேய்க்கவும்.”

இரண்டு எச்சரிக்கைகளை அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். எனாமல் பூசிய வழவழப்பான சுவரில், உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காமல் மெலித்தால் மெலியோரம் செதிலாக உரியும். பழைய டிஸ்டெம்பர் சுவரில் பட்டி சுற்றியுள்ள பூச்சைவிடக் கடினம். அழுத்தித் தேய்த்தால் பட்டி நின்று சுவர் தேயும், ஓட்டையைச் சுற்றி வளையமாகப் பள்ளம் விழும். அங்கே குழைத்தே வரும் அக்ரிலிக் பட்டி நல்லது.

பிரைமரையும் மெலியோரம் முடியும் இடத்துக்கு ஒரு விரற்கடை வெளியே வரை பூசச் சொல்லுங்கள். ஓட்டை மேல் மட்டும் தொட்டுவிட்டால், மெலித்த இடம் பெயிண்டை உறிஞ்சிக்கொண்டு மங்கலான திட்டாகவே நிற்கும்.