வெள்ளத்தில் நின்ற காரை மறைத்து விற்றால் முழுப் பணம் கேட்கலாமா?

பெருங்களத்தூர்_வாசி:
உறவினர் ஒருவருக்காகக் கேட்கிறேன். புறநகரில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2019 மாடல் டீசல் ஹேட்ச்பேக் எடுத்தார். விலை 4,85,000 ரூபாய். 25,000 டோக்கன், மீதி வங்கி வழியாக. இரண்டுமே கன்சல்டிங்கின் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. 19ஆம் நாள் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீரிங் கல்லாகிவிடுகிறது. ஏ.சி. போட்டால் சேற்று வாடை. மெக்கானிக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் காய்ந்த வண்டல். ஆர்.சி.யில் முந்தைய உரிமையாளரின் முகவரி வேளச்சேரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று சந்தேகம். "15,000 தருகிறேன், ரிப்பேர் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார் கன்சல்டிங்காரர். டெலிவரி நோட்டில் "உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன், பிறகு எதுவும் கோரமாட்டேன்" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. பெயர் இன்னும் மாறவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்க வழி உண்டா?

யார்டு_மதுரை:
அண்ணே, வியாபாரம் பண்ற பக்கத்துல இருந்து சொல்றேன், முழுப் பணம் வராது. பழைய வண்டி விலை குறைவா இருக்கிறதே அதுல இருக்கிற ரிஸ்க்குக்காகத்தான். பார்த்தாச்சு, ஓட்டியாச்சு, மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர யாரும் தடுக்கல, கையெழுத்தும் போட்டாச்சு. 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 62ஆம் பிரிவே சொல்லுது, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா சட்டம் தானா தர்ற உத்தரவாதத்தை விலக்கிக்கலாம்னு. அந்த வரி அதுக்காகத்தான் போடுறது.

ஆனா 15,000 ரொம்பக் கம்மி, அதை ஏத்துக்காதீங்க. 60,000 கேளுங்க. இல்லேன்னா 10 சதவீதம் கழிச்சுக்கிட்டு வண்டியைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லுங்க. கேஸ்னு போனா வண்டி ரெண்டு மழைக்காலத்துக்கு நின்ன இடத்துலயே நிக்கும்.

நுகர்வோர்_பக்கம்:
62ஆம் பிரிவைச் சொன்னவர் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவைச் சொல்லாமல் விட்டுவிட்டார். தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பது மோசடி. 19ஆம் பிரிவின்படி ஏமாந்தவர் அந்த ஒப்பந்தத்தையே வேண்டாம் என்று விலக்கலாம். "உள்ளது உள்ளபடி" என்ற வரி தேய்ந்த கிளட்ச்சுக்கும் கீறல் விழுந்த கதவுக்கும் செல்லும். வெள்ளத்தில் நின்றதைக் கழுவி மூடி விற்றதற்குச் செல்லாது.

15,000ஐயும் வாங்க வேண்டாம், 60,000ஐயும் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டால் "இத்துடன் சரி" என்று முடிந்ததாக ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் "சரிங்க, பார்க்கலாம்" என்றுகூட எழுத வேண்டாம். இன்றைக்கே ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள்: இந்த வண்டியை ஏற்கவில்லை, திருப்பி எடுத்துக்கொண்டு 4,85,000ஐத் தரவும், வண்டி இந்த முகவரியில் ஓட்டாமல் நிற்கிறது, ஓடோமீட்டர் இவ்வளவு. அந்த நிமிடத்திலிருந்து வண்டியை ஓட்டக்கூடாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு 2,000 கிலோமீட்டர் ஓட்டியவர்களின் கோரிக்கை அங்கேயே பலவீனமாகிவிடுகிறது.

யார்டு_மதுரை:
19ஆம் பிரிவை முழுசாப் படிங்க சார். விதிவிலக்கு ஒண்ணு இருக்கு: சொல்லாம இருந்தான்னு குற்றம் சாட்டுறவர், சாதாரண கவனத்தோட பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்னா ஒப்பந்தத்தை விலக்க முடியாது. கார்ப்பெட்டைத் தூக்கினா தெரியுற சேறு வாங்குறப்ப தெரியாதா?

ஸ்பானர்_கோவை:
இதுல ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு சொல்றேனுங்க. கார்ப்பெட்டுக்குக் கீழே சேறுன்னு மட்டும் சொன்னா நிக்காதுங்க. ஏ.சி.யோட தண்ணிக் குழாய் அடைச்சாக்கூட முன் இடதுபக்கக் கால்வைக்கிற இடம் நனைஞ்சு நாறும். கன்சல்டிங்காரர் முதல்ல அதைத்தான் சொல்லுவாரு. ஏ.சி. தண்ணி தெளிஞ்ச தண்ணி, ஒரு பக்கம்தான் நனைக்கும், பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் போகாது. வெள்ளத் தண்ணி எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்துல கோடு போட்டுட்டுப் போகும். அந்தக் கோட்டைத்தான் தேடணும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. சாதாரணமா ஓட்டுறப்ப வெளிய வராத கடைசி ஒரு அடி இருக்கு பாருங்க, அதுல பழுப்பா ஒரு கோடு, விரலால தேச்சா மாவு மாதிரி மண் ஒட்டும். வாட்டர் வாஷ் பண்றவங்க முன்பகுதியை மட்டும் தேச்சுட்டு விட்டுருவாங்க. நாலு பெல்ட்டையும் பாருங்க. நாலுலயும் தரையிலிருந்து ஒரே உயரத்துல கறை இருந்தா அது ஏ.சி. தண்ணி இல்லீங்க. ஸ்கேல் வெச்சுப் படம் எடுங்க.

அடுத்தது ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட். நிறைய வண்டிகள்ல அது கியர் லீவருக்குக் கீழே, தரையோட ஒட்டி இருக்கும். தண்ணி ஏறினா முதல்ல நனையுறதுல அதுவும் ஒண்ணு. அதோட கனெக்டர் பின்னுல பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும். ஈரத்துல பிடிச்ச களிம்பு உடனே காட்டாது, மாசக்கணக்குல பின்னைத் தின்னுட்டுத்தான் விளக்கு எரியும். ஸ்டீரிங் விட்டு விட்டு கல்லாகறதும் அதே கதையா இருக்கலாம்: மின்சார ஸ்டீரிங்னா சப்ளையோ எர்த்தோ களிம்பேறியிருக்கும். இது ஓட்டத் தகுந்த வண்டியே இல்லீங்க, இடம் மாத்தணும்னா டோ வண்டியில ஏத்திட்டுப் போங்க.

யார்டு சார் கேட்டதுக்குப் பதில் இன்னொரு இடத்துல இருக்கு. சாவியைத் திருப்பினதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிஞ்சு அணையணும். அது எரியவே இல்லாம இருந்தாலோ, வேற விளக்கோட சேர்ந்து அணைஞ்சாலோ யாரோ வயரைப் பின்னியிருக்காங்க. மீட்டரைக் கழட்டிப் பார்த்தா தெரியும். கார்ப்பெட்டை மட்டும் புதுசா மாத்தி, அடியில இருக்கிற ஸ்பாஞ்சைப் பழசாவே விட்டிருந்தா அதுவும் தடயம்தான். இதெல்லாம் "சொல்லாம விட்டது" இல்லீங்க, செஞ்சு மறைச்சது.

முக்கியமா, ஸ்கேனர் மாட்டினா அதுல வர்ற பழுதுக் குறியீட்டுப் பட்டியலைத் தேதியும் கிலோமீட்டரும் தெரியப் படம் எடுக்காம அழிக்க விடாதீங்க. அழிச்சா ஆதாரம் போச்சு.

நுகர்வோர்_பக்கம்:
ஸ்பானர் சொன்ன கடைசி வேறுபாட்டில்தான் இந்த வழக்கே இருக்கிறது. அந்த விதிவிலக்கு மௌனத்துக்கானது. முனைந்து மறைத்ததற்கு அதை இழுக்க முடியாது.

ஒரு திருத்தம் மட்டும். இவ்வளவையும் தெருவோர மெக்கானிக்கை வைத்துக் கழற்றிவிட்டால் "நீங்களே கழற்றிக் கெடுத்துவிட்டீர்கள்" என்பார்கள். கழற்றாமல் பார்க்க முடிந்ததை, அதாவது பெல்ட், ஸ்டெப்னி குழி, சீட் தண்டவாள போல்ட் துரு, ஸ்கேனர் பட்டியல், இவற்றை முதலில் வீடியோ எடுங்கள். கழற்ற வேண்டியதை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ, வண்டிச் சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற காப்பீட்டு சர்வேயர் முன்னிலையிலோ செய்து லெட்டர்பேடில் அறிக்கை வாங்குங்கள். கன்சல்டிங்காரருக்கு முன்கூட்டியே நாளும் நேரமும் தெரிவித்து வரச்சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும் அழைத்தது பதிவில் இருக்கும்.

பாலிசி_மேசை:
வெள்ளம் பட்ட வண்டியா என்பதைக் காகிதத்திலும் பார்க்கலாம். 2024இல் புதுப்பித்த பாலிசியின் நகலைக் கேளுங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று அச்சாகியிருக்கும். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 என்று ஏறும். 2019 வண்டிக்குக் கிளெய்மே இல்லையென்றால் 2024இல் 50ஐ எட்டியிருக்க வேண்டும். 0 என்று இருந்தால் அதற்கு முந்தைய பாலிசி ஆண்டில் ஏதோ கிளெய்ம் ஆகியிருக்கிறது. ஆனால் இடையில் உரிமையாளர் மாறியிருந்தாலோ, பாலிசி 90 நாளுக்கு மேல் காலாவதியாகிக் கிடந்திருந்தாலோ அப்போதும் 0தான். அதனால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட வேண்டாம். சர்வீஸ் சென்டரில் அந்த வண்டி எண்ணுக்கான வேலை விவரத்தையும் கேளுங்கள். 2023 டிசம்பர், 2024 ஜனவரி வாக்கில் வயரிங், கன்ட்ரோல் யூனிட், உள் அலங்காரம் என்று பெரிய பில் இருந்தால் இரண்டும் சேர்ந்து பேசும்.

ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். அப்படிப்பட்ட வண்டிகள் சேதமான நிலையிலேயே ஏலத்துக்குப் போய், செப்பனிடப்பட்டு மறுபடி சந்தைக்கு வருகின்றன.

யார்டு_மதுரை:
சரி, வெள்ள வண்டின்னே வெச்சுக்குவோம். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேர்லதானே இருக்கு? பார்க் அண்ட் சேல் வண்டியா, அதாவது ஓனர் நிறுத்திட்டுப் போய் கமிஷனுக்கு வித்துக் கொடுக்கிற வண்டியா இருந்தா கன்சல்டிங் நடுவுல நிக்கிற ஆளு மட்டும்தான். கமிஷன் வாங்கினவன்கிட்ட முழு விலையைக் கேட்டா எப்படி?

நுகர்வோர்_பக்கம்:
பணம் யார் கணக்குக்குப் போனது என்பதுதான் முதல் கேள்வி. இங்கே 4,85,000ம் கன்சல்டிங் கணக்குக்கே போயிருக்கிறது. ரசீதும் அந்தப் பெயரில் இருந்தால் விற்றவர் அவர்தான். ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் பழைய வண்டியை வாங்கி விற்றால் லாபத்தின் மேல் வரி, 2025 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். கமிஷன் ஆள் என்றால் பில் கமிஷன் தொகைக்கு மட்டும்தான் இருக்கும். எந்த பில் கொடுத்தார் என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று, 2023 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகன விதிகளில் பழைய வண்டி டீலருக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. டீலருக்குப் பதிவு அதிகாரியின் அங்கீகாரச் சான்று வேண்டும், அது படிவம் 29பி. வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் படிவம் 29சி. அது பதிவாகியிருந்தால் விற்கும் வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். இந்த இரண்டும் இருக்கிறதா என்று நோட்டீஸிலேயே கேளுங்கள். புகாரில் முந்தைய உரிமையாளரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. "அவர்தான் மறைத்தார்" என்று ஒருவர் மற்றவரைக் காட்டினால் இருவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

பெருங்களத்தூர்_வாசி:
இப்போது திடீரென்று "பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட வாருங்கள்" என்று போன் மேல் போன். போகலாமா?

யார்டு_மதுரை:
போகணும்ணே. பேர் மாறாத வண்டி ரோட்டுல போய் ஏதாவது ஆச்சுன்னா ஆர்.சி.யில இருக்கிற பழைய ஓனர் தலையில விழும். 2018லயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவா சொல்லியாச்சு. 14 நாள்ல தெரிவிக்கணும்னு சட்டமும் இருக்கு.

பாலிசி_மேசை:
அது ஓடுகிற வண்டிக்கு. சாலை விபத்தில் மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு புதியவருக்கு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பகுதி வராது, அதற்கு 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி நிற்கும்போது இந்த இரண்டு கவலையும் பெரிதல்ல. பணத்தைத் திருப்பிக் கேட்பவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால், திரும்ப மாற்றும் செலவும் "இரண்டாவது ஓனர் மூன்றாவது ஆகிவிட்டது, விலை விழுந்துவிட்டது" என்ற பேரமும் சேர்ந்து வரும். "வண்டியை ஏற்கவில்லை, அதனால் பெயர் மாற்றத்துக்கு ஒப்பவில்லை, வண்டி ஓட்டாமல் நிற்கிறது" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். முந்தைய உரிமையாளருக்கும் ஒரு நகல். அவர் தலையில் என்ன தொங்குகிறது என்று அவருக்கும் தெரியட்டும்.

நுகர்வோர்_பக்கம்:
இதையே நானும் சொல்வேன். இனி நோட்டீஸ். ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட், 15 நாள் கெடு. பதில் இல்லையென்றால் இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் புகார் இணையதளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

பலர் தவறுகிற இடம் ஒன்று. டெலிவரி நோட்டு வரியை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எழுதினால் அது மாவட்ட ஆணையத்தின் அதிகாரத்தில் இல்லை, மாநில ஆணையத்துக்குப் போகச் சொல்வார்கள். அதனால் "குறைபாடுள்ள பொருள்" என்றும் "முறையற்ற வணிக நடைமுறை" என்றும் மட்டும் எழுதுங்கள். விலையை வட்டியோடு திருப்பித் தர உத்தரவிட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இடம் தருகிறது. வாட்ஸ்அப் உரையாடலை வைத்தால் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழையும் சேருங்கள், இப்போது அது புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023) 63ஆம் பிரிவில் இருக்கிறது.

காலம் ஆகும் என்று யார்டு சொன்னது உண்மைதான். பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது, நடப்பில் அதைத் தாண்டும். ஆனால் எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் பதில் மனு போடாவிட்டால் அதற்குப் பிறகு ஏற்கமாட்டார்கள். மேல்முறையீடு போனால் உத்தரவான தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். 10 சதவீதக் கழிவை நான் ஏற்கவில்லை. 19 நாள் ஓட்டியதற்கு 48,500 ரூபாய் வாடகையா?

யார்டு_மதுரை:
வாடகை இல்ல சார், பணம் முடங்குறதுக்கான கணக்கு அது. சரி, மறைச்சது நிரூபணமானா கழிவு கேட்கிறது சரியில்ல, ஒத்துக்கிறேன். ஆனா கன்சல்டிங்காரர் நோட்டீஸ் பார்த்துட்டு இறங்கி வந்தா வாங்குறப்ப கவனம். பின்தேதி செக் வாங்காதீங்க, டி.டி. இல்லேன்னா வங்கி வழியா. பணம் கணக்குல ஏறின பிறகுதான் சாவி. பேர் மாத்துறதுக்கான வெத்து 29, 30 படிவத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தா அதைத் திரும்ப வாங்கிக் கிழிங்க. ஒப்படைப்புச் சீட்டுல தேதி, நேரம், ஓடோமீட்டர் எல்லாம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து.

பெருங்களத்தூர்_வாசி:
நன்றி. பாலிசி நகல் கிடைத்தது, 2024 புதுப்பித்தலில் போனஸ் 0 சதவீதம். உரிமையாளர் இடையில் மாறவில்லை, காலாவதியும் ஆகவில்லை. பின்சீட் பெல்ட் இரண்டையும் இழுத்துப் பார்த்ததில் தரையிலிருந்து 62 சென்டிமீட்டரில் கறை, இரண்டிலும் ஒரே மட்டம். முன் பெல்ட்டையும் ஸ்டெப்னி குழியையும் நாளை ஸ்கேலோடு படம் எடுத்துவிட்டு, சர்வேயர் வரும் நாளைக் கன்சல்டிங்காரருக்கு எழுதுகிறோம்.