பிஎஸ்ஏ எம்20: ராணுவ வண்டிதானா?

நாகர்கோவில்காரன்: அண்ணாச்சிமாரே, பிஎஸ்ஏ கம்பெனியோட பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள், ஒரு எம்20 விலைக்கு வருது. ராணுவத்துல ஓடுனதான்னு எப்படிப் பாக்க? சூடானா நின்னுருது, ஆறினா ஸ்டார்ட் ஆகுது.

தக்கலை ஸ்பேனர்: ராணுவ வண்டின்னா ஃப்ரேம், எஞ்சின் ரெண்டு நம்பரும் பெரும்பாலும் டபிள்யூஎம்20-ன்னு தொடங்கும். 496 சிசி, சைடு வால்வு (வால்வு சிலிண்டருக்குப் பக்கத்துல இருக்கும்), முன்னால கர்டர் ஃபோர்க் (ஸ்பிரிங் வச்ச பழைய மாடல் இரும்புச் சட்ட ஃபோர்க்). ரெண்டாம் உலகப் போருக்குன்னே சுமார் 1,26,000 வண்டி செஞ்சாங்க. 1942-ல மலேயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பர் தட்டுப்பாடு. அதுக்குப் பிந்துன வண்டில ஃபுட்ரெஸ்ட் வெறும் இரும்பு, கைப்பிடி கேன்வாஸ். பச்சைப் பெயின்ட்டை நம்பாதீங்க, அதை யாரு வேணா அடிக்கலாம்.

குளச்சல் மேக்னெட்டோ: நின்ன உடனே பிளக்கைக் கழட்டி பொறி பாருங்க. பொறி வரலேன்னா, மேக்னெட்டோல (பிளக்குக்கு கரன்ட் குடுக்கற கருவி) சுத்துற காயில், அதான் ஆர்மேச்சர், அதுக்குள்ள இருக்க கண்டென்சர் போயிருக்கலாம். காயிலுக்குப் புதுசா கம்பி சுத்தும்போது (ரீவைண்டிங்) கண்டென்சரையும் மாத்தணும். மேக்னெட்டோ பாயின்ட் திறக்கற இடைவெளி (பாயின்ட் கேப்) 0.012 இஞ்ச். பொறி நல்லா வந்தா பெட்ரோல் இறங்காம நிக்கலாம்; டேங்க் மூடியோட காத்துத் துளையைக் குத்தி அடைப்பை எடுத்து விடுங்க.