பிளாசிபோவுக்குத் தமிழ்: ‘போலி மருந்து’ வேண்டாம், ‘மருந்திலி’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கருவுற்ற பெண்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளின் ஒப்புதல் படிவத்தில் ‘பிளாசிபோ’ (சோதிக்கும் மருந்தைப் போலவே தோன்றினாலும் அந்த மருந்து சேராத, ஒப்பிடுவதற்காகத் தரும் மாத்திரை அல்லது ஊசி) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு, இதுவரை ‘போலி மருந்து’, ‘ஒப்பு மருந்து’, ‘ஆறுதல் மருந்து’, ‘வெற்று மருந்து’ ஆகிய சொற்கள் வந்துள்ளன. இவற்றை உரசிப் பார்த்தபின் ‘மருந்திலி’ என்ற சொல்லை முன்வைக்க விரும்புகிறேன்.

இலக்கணம் படித்தவர்களுக்குப் ‘போலி’ பழியில்லாத சொல்தான். அறம் என்பது அறன் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வருவதைக் கடைப்போலி என்கிறோம். ஒன்றின் இடத்தில் அதைப் போன்ற மற்றொன்று நிற்கிறதே தவிர, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தப் பொருளில் இச்சொல் மிகப் பொருத்தமானது என்று தமிழாசிரியர் ஐயா முந்தைய மடலில் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் செய்தித்தாள் படிக்கும் வீட்டில் போலி மருத்துவர், போலிப் பத்திரம், போலிச் சான்றிதழ் என்ற வரிசையில்தான் போலி மருந்தும் வந்து நிற்கும். வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்திருப்பவளிடம் “உங்களுக்குப் போலி மருந்தும் கிடைக்கலாம்” என்று சொன்னால், அவள் எழுந்து போவதுதான் அறிவுடைமை. ‘மருந்துப்போலி’ என்று முன்பின்னாக மாற்றியவர்கள் இந்தச் சிக்கலை உணர்ந்துதான் மாற்றியிருப்பார்கள். தாளில் அது ஓரளவு உதவும். காதில் விழும்போது மிஞ்சுவது ‘போலி’ மட்டும்தான்.

காதில் எப்படி விழும் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் படிவம் இருக்க வேண்டும்; அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வுக் குழுவைச் சாராத சாட்சி ஒருவர் ஒப்புதல் உரையாடல் முழுவதும் உடனிருக்க வேண்டும். ஆகவே இந்தச் சொல்லைப் பலர் படிக்கப் போவதில்லை. யாரோ படித்துக் காட்டக் கேட்கப் போகிறார்கள்.

‘ஒப்பு மருந்து’ வேறொரு காரணத்தால் நிற்காது. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கைத் தடுக்கக் கார்பெட்டோசின் என்ற மருந்தை, ஏற்கெனவே வழக்கில் உள்ள ஆக்சிடோசினோடு ஒப்பிட்ட ஆய்வில், ஒப்பிட நின்றதே நன்கு வேலை செய்யும் மருந்துதான். அதற்கும் பிளாசிபோவுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆய்வறிக்கையைப் படிப்பவர் தடுமாறுவார். ‘ஆறுதல் மருந்து’, ‘மகிழ்விப்பேன்’ என்று பொருள்படும் லத்தீன் மூலத்துக்கு நெருங்கியது என்பதைத் தவிர அதற்குச் சிறப்பு இல்லை. ஆய்வில் யாரும் யாரையும் ஆறுதல்படுத்துவதற்காக அந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை.

‘வெற்று மருந்து’ நல்ல முயற்சி. ஆனால் பிளாசிபோ எப்போதும் வெறுமையாக இருப்பதில்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்தி 1991இல் வெளியிட்ட ஃபோலிக் அமில ஆய்வை எண்ணிப் பாருங்கள். நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு (மூளையோ தண்டுவடமோ சரியாக உருவாகாத நிலை) முன்பு ஒரு கரு உண்டான பெண்கள் 7 நாடுகளிலிருந்து 1,817 பேர் அதில் சேர்க்கப்பட்டனர்; நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், குறைபாடு மீண்டும் வரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைந்தது. இன்று கருத்தரிக்குமுன்பே ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடச் சொல்வதற்கு வலுவான சான்றுகளுள் ஒன்று அது. ஃபோலிக் அமிலமோ மற்ற வைட்டமின்களோ சேராத அந்த ஆய்வின் குளிகையிலும் இரும்புச்சத்தும் கால்சியமும் இருந்தன. அதை வெற்று என்று சொல்ல முடியாது. அதில் இல்லாதது, எதைச் சோதிக்கிறார்களோ அந்த மருந்து மட்டுமே.

‘மருந்திலி’ இந்த இடத்தில்தான் பொருந்துகிறது என்று கருதுகிறேன். முதுகெலும்பிலி என்று பள்ளிப் பாடநூலில் படித்தவர்களுக்கு இந்த ஆக்கம் புதிதல்ல: குறித்த ஒன்று இல்லாதது என்ற பொருளை மட்டும் தந்து, மற்றது எதைப் பற்றியும் வாய் திறக்காமல் நின்றுவிடுகிறது. வடிவத்துக்கும் கட்டுப்படவில்லை. முன்சூல்வலிப்பு (கருக்காலத்தில் இரத்த அழுத்தம் கூடி, வலிப்பு வரை போகக் கூடிய நிலை) கண்ட பெண்களுக்கு மக்னீசியம் சல்ஃபேட் கொடுத்துப் பார்த்த மேக்பை ஆய்வில் (2002, 33 நாடுகள், 10,141 பெண்கள்) பிளாசிபோவையும் ஊசிவழியாகவே செலுத்தினார்கள். தொடக்கக் கருவில் உதிரம் காணும் பெண்களுக்குப் புரொஜெஸ்டிரோன் கொடுத்த பிரிட்டன் ஆய்விலோ அது பிறப்புறுப்பில் வைக்கும் குளிகை. மருந்திலி மாத்திரை, மருந்திலி ஊசி, மருந்திலிக் குழு, மருந்திலி விளைவு என எல்லா இடத்திலும் சொல் இடறாமல் செல்கிறது.

செவிலியர் அம்மா ஒருவர் தனிமடலில் எழுப்பிய தடையைக் குழுவின் முன் வைக்கிறேன். வேகமாகச் சொன்னால் ‘மருந்திலி’ எலி மருந்தை நினைவூட்டுகிறது என்கிறார். “எங்களைச் சோதனை எலி ஆக்குகிறீர்களா?” என்பதுதான் ஒப்புதல் கேட்கும்போது வீட்டார் முதலில் கேட்பது என்பதால், சிரித்துவிட்டு நகரக் கூடிய தடை அல்ல இது. எனவே பயன்பாட்டைப் பிரித்துக்கொள்ளலாம்: ஆய்வுத் திட்ட ஆவணம், அறிக்கை, கலைச்சொல் பட்டியல் ஆகியவற்றில் ‘மருந்திலி’, பங்கேற்பவரிடம் பேசும் இடத்தில் அதே சொல்லை விரித்து ‘மருந்தில்லா மாத்திரை’, ‘மருந்தில்லா ஊசி’. இரண்டும் ஒரே வேரில் நிற்பதால், படிவத்தையும் அறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கும், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்குக் குழப்பம் வராது.

எனினும், எந்தச் சொல்லை வைத்தாலும் அடுத்து ஒரு வாக்கியம் தேவைப்படும். மருந்தில்லா மாத்திரை என்றவுடன் ‘அப்படியானால் என்னைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்’ என்ற ஐயம் எழும். எந்தக் குழுவில் விழுந்தாலும் வழக்கமான பராமரிப்பு தொடரும் என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும்; அந்தச் சுமையைக் கலைச்சொல்லின் தலையில் ஏற்றக் கூடாது. முன்சூல்வலிப்பைத் தடுக்க 150 மில்லிகிராம் ஆஸ்பிரினை இரவுதோறும் 36ஆம் வாரம் வரை கொடுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வைப் போன்ற ஒன்று தமிழில் நடப்பதாகக் கொண்டால், பத்தி இப்படி அமையலாம்:

“இந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின் மாத்திரையும், மற்றவர்களுக்கு அதே நிறத்திலும் வடிவத்திலும் செய்த, ஆஸ்பிரின் சேர்க்காத மருந்தில்லா மாத்திரையும் தரப்படும். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். உங்களுக்குக் கிடைத்தது எது என்பது உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. அவசரம் என்றால் உடனே கண்டறிய வழி உண்டு. எந்த மாத்திரை கிடைத்தாலும் இரத்த அழுத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், சத்து மாத்திரைகள் ஆகிய அனைத்தும் எப்போதும்போல் உங்களுக்குக் கிடைக்கும்.”

‘குலுக்கல்’ என்பது பரிசுச் சீட்டை நினைவூட்டுகிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’ என்று எழுதினால் இட ஒதுக்கீடு நினைவுக்கு வரும் என்பதால் குலுக்கலையே வைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசுவோம். ‘மருந்திலி’க்கு மறுப்பு இருப்பவர்கள், மாற்றுச் சொல்லை ஊசிக்கும் குளிகைக்கும் பொருத்திப் பார்த்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்