ஸ்கோப் ஜீரோ எத்தனை மீட்டரில் வைத்தீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

அழகர்கோவில் ரோடு

எங்கள் தோட்டத்தில் நடந்தது. சித்தப்பா மகனுடைய ஸ்பிரிங் ஏர் ரைபிள், 4.5 மி.மீ. மேலே பூட்டிய ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கியை) 10 மீட்டரில் ஜீரோ பண்ணிவிட்டு, அதாவது பார்க்கிற புள்ளியிலேயே குண்டு படும்படி திருத்திவிட்டு, 20 மீட்டருக்குப் போனால் குண்டு மேலே ஏறுகிறது. "தூரம் கூடினால் இறங்கத்தானே வேணும், இது ஏன் ஏறுது?" என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பதில் சொல்லவில்லை. அஞ்சு அஞ்சு மீட்டர் தள்ளி அட்டை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரிப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியையே பார்த்துச் சுடச் சொன்னார். ஜீரோவை மட்டும் அவரே 30 மீட்டருக்கு மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் அட்டைகளைச் சணல் கயிற்றில் வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டார். 5 மீட்டர் அட்டையில் ஓட்டை புள்ளிக்கு ரெண்டு சென்டிமீட்டர் கீழே. 10-ல் கொஞ்சம்போல் கீழே. 20-ல் ஒரு சென்டிமீட்டர் மேலே. 30-ல் புள்ளியிலேயே. 40-ல் ரெண்டு விரற்கடைக்கு மேல் இறங்கிவிட்டது. குழல் ஸ்கோப்புக்கு நாலு சென்டிமீட்டர் கீழே இருக்கிறது; குண்டு கீழிருந்து ஏறி வந்து பார்வைக் கோட்டை ஒரு தடவை வெட்டுகிறது, மேலே போய் இறங்கும்போது இன்னொரு தடவை வெட்டுகிறது. கயிற்றில் அந்த வளைவு அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. "எதுவரைக்கும் சுடப் போறேன்னு முதல்ல சொல்லுடா, ஜீரோவை அப்புறம் பேசலாம்" என்றார். அந்தக் கேள்வியை வேறு யாரும் எங்களிடம் கேட்டதே இல்லை.

மேலூர் கேடட்

30 மீட்டர் உங்கள் சித்தப்பா மகனுடைய ரைபிளுக்கும் ஸ்கோப்புக்கும் சரி. எல்லோரும் அதையே வைத்தால் சிக்கல். கல்லூரி என்.சி.சி.யில் பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குழல்) ரைபிளை 25 கெஜத்தில் சுட்டோம். எனக்கு மறக்காதது உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) செய்த ஒரு காரியம். என் அட்டையில் அஞ்சு ஓட்டையும் இடது மேல் மூலையில் கிடந்தன. பக்கத்துப் பையனுக்கு நடுவில் ஒன்று, மற்றதெல்லாம் சிதறல். அவன் சிரித்தான். உஸ்தாத் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து என் ஓட்டைகள் மேல் வைத்தார். அஞ்சும் மறைந்துவிட்டன. "இவன் சைட்டைத் திருத்தலாம். உன்னை என்ன திருத்த?" என்று அவனிடம் கேட்டார். ஓட்டைகள் ஒரே இடத்தில் கூட்டமாகச் சேராமல் ஜீரோ பற்றிப் பேசவே கூடாது என்பது அன்றைக்குப் புரிந்தது.

சின்னச் சொக்கிகுளம் அம்மா

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி செய்கிறாள். எங்களுக்கு எத்தனை மீட்டர் என்ற கேள்வியே இல்லை. பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம், அவ்வளவுதான். ஒருநாள் பயிற்சியில் குண்டு வலது பக்கமே போய்க்கொண்டிருந்தது. இவள் சைட்டை (குறி பார்க்கும் பாகத்தை) ஒரு கிளிக், இன்னொரு கிளிக் என்று படிப்படியாகத் திருகிக்கொண்டே இருந்தாள். கோச் வந்து அவள் கையை மெதுவாக விலக்கி, "கன்னம் எங்கே படுதும்மா?" என்று கேட்டார். ரைபிள் கட்டையில் கன்னம் பழைய இடத்துக்கு வந்ததும் குண்டும் திரும்ப வந்துவிட்டது. திருகிய கிளிக்குகளைத் திருப்பி எண்ணும்போது அவள் கண் கலங்கியது. தூரத்தை மட்டும் பேசுகிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

திருமங்கலம் தோட்டம்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஸ்கோப் வாங்கிய கடையில் குழல் வாயில் லேசர் வைத்துப் பார்த்து, "ஜீரோ ஆச்சு சார், நேரா சுடலாம்" என்று கையில் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் அட்டையிலேயே படவில்லை. அந்தக் கடைக்காரர் முகத்தில் இருந்த நிச்சயம்தான் இன்னும் உறுத்துகிறது. லேசர் கிட்டத்தட்ட அட்டைப் பக்கம் கொண்டுவரும். குண்டின் இறக்கம் அதற்குத் தெரியாது.

இனி சில விஷயம், புதிதாக வருகிறவர்களுக்காக. ஸ்கோப்பில் கால் அங்குலம் என்று போட்டிருக்கும் கிளிக் 100 கெஜத்துக்கான கணக்கு. 25 கெஜத்தில் அதே கிளிக் நாலில் ஒரு பங்குதான் நகர்த்தும். இதை மறந்துவிட்டு, ஸ்கோப் கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாயிண்ட் 22-ஐ 50 மீட்டரில் ஜீரோ வைத்தால், சாதாரண வேகத் தோட்டா 100 மீட்டரில் சுமார் ஒரு சாண் இறங்கும். ஆகவே 50-ஐத் தாண்டிச் சுடுவதானால் அந்தத் தூரத்திலேயே அட்டை வைத்துப் பாருங்கள், கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். குண்டு டப்பா மாறினால் ஜீரோவும் மாறும். எடை வேறு, வேகம் வேறு.

ஆடிக் காற்றில் ஜீரோ பண்ணாதீர்கள். 4.5 மி.மீ. குண்டு அரைக் கிராம் எடைதான், காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். காற்றுக்கு ஒப்பேற்றிய ஜீரோ மறுநாள் காலையில் உதவாது. விடியற்காலை நல்லது.

அட்டைக்குப் பின்னால் மண்மேடு கட்டாயம். நாகமலை, யானைமலைப் பக்கம் பாறையை நம்பிச் சுடுகிறார்கள். பாறையில் பட்டுத் தெறிக்கும். பாயிண்ட் 22 தோட்டா ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகக்கூடியது. மயில், குரங்கு, பன்றி எதுவானாலும் குறி வைக்கவே கூடாது, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. கடலைக்காட்டைப் பன்றி உழுதுபோட்டால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் சுடுவது வனத்துறை வேலை. அதுவும் காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்தால்தான் என்று 2025-ல் அரசு சொல்லிவிட்டது.

அழகர்கோவில் ரோடு

கேடட் தம்பி, எல்லோரும் 30 வையுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? எங்கள் தோட்டத்தில் வழக்கமாகச் சுடுவது 35 மீட்டர் வரைக்கும், அதற்குத்தான் 30. உங்களுக்கு 25 கெஜம்தான் இடம் என்றால் 25 கெஜத்திலேயே வையுங்கள்.

மேலூர் கேடட்

சரி அண்ணே, அந்த 35-ஐ முதலிலேயே எழுதியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். 35-ல் எவ்வளவு இறங்குகிறது என்று அட்டை வைத்துப் பார்த்தீர்களா? அந்த அட்டை கயிற்றில் இருந்தால் அளந்து சொல்லுங்கள்.