மறுவெளியீட்டு ஜாஸ், சோல், ரெக்கே, ஆப்பிரிக்க ரெக்கார்டுகள்: எங்கே தேடுவது, எதை நம்பி வாங்குவது?

ஊசிமுனை:
ஜாஸ் என்றால் மைல்ஸ் டேவிஸ், ரெக்கே என்றால் பாப் மார்லி, ஆப்பிரிக்கா என்றால் ஃபெலா குட்டி. ஸ்ட்ரீமிங் செயலி இந்த மூன்று வாசலைத் தாண்டி விடமாட்டேன் என்கிறது. புதிதாக வருபவற்றையும் மறுவெளியீடுகளையும் நீங்கள் எல்லாம் எப்படித் தேடிப் பிடிக்கிறீர்கள்? இன்னொரு குழப்பம்: 1950களின் கடைசியில் வந்த ஒரே ஜாஸ் ஆல்பம் ஏழெட்டு லேபிள்களில் (வெளியீட்டு நிறுவனங்களில்) வினைல் தட்டாக விற்பனைக்கு இருக்கிறது. எல்லாவற்றிலும் ‘180 கிராம்’ ஸ்டிக்கர் வேறு. எதை எடுப்பது?

பின்னட்டை:
இரண்டாவதை முதலில் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கான உரிமைக் காலம் 50 ஆண்டாக இருந்தது. 2013-இல் 70 ஆனது. ஆனால் 1962 முடிவதற்குள் வெளியாகி, அதற்குள் காலாவதியாகிவிட்ட பதிவுகளுக்கு உரிமை திரும்பி வரவில்லை. ஆகவே அந்தக் கால ஜாஸை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சட்டப்படி சரிதான், ஆனால் மாஸ்டர் டேப் (பதிவின் மூல நாடா) அவர்கள் கையில் இருக்காது. பெரும்பாலும் சிடியிலிருந்து எடுத்துத் தட்டுக்குப் பள்ளம் வெட்டியதாக இருக்கும்.

180 கிராம் என்பது தட்டின் எடை, அவ்வளவுதான். ஒலியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பின்னட்டையைப் படியுங்கள். யாரிடம் உரிமம் பெற்றது, எந்த டேப்பிலிருந்து எடுத்தது, மாஸ்டரிங் (அச்சுக்கு முன் ஒலியைச் சீராக்குவது) யார் என்று மூன்றும் இருந்தால் நம்பலாம். பெயரே இல்லாமல் ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ என்று மட்டும் போட்டிருந்தால் விலகிவிடுங்கள். ‘போனஸ் பாடல்கள்’ என்றாலும் யோசிக்கவும். எல்பியின் (33⅓ வேகத்தில் ஓடும் பெரிய தட்டின்) ஒரு பக்கம் 20 நிமிடத்தை வெகுவாகத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தமும் பாஸும் குறையும்.

ப்ளூ நோட் என்ற ஜாஸ் லேபிளின் டோன் போயட் வரிசை (2019 முதல்) நல்ல அளவுகோல். ஜோ ஹார்லி மேற்பார்வை, மூல டேப்பிலிருந்து கெவின் கிரே வெட்டுகிறார். அதே நிறுவனத்தின் கிளாசிக் வினைல் வரிசை அட்டையில் எளிமை, விலையிலும் குறைவு. தொடங்குபவருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

ஒன்டிராப்:
தேடலுக்கு வருகிறேன். பாடகர் பெயரை விட்டுவிட்டு டிரம்மர், பேஸ் வாசிப்பவர், தயாரிப்பாளர் பெயர்களைப் பின்தொடருங்கள். டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டுத் தகவல் தளத்தில் பிடித்த ஆல்பத்தைத் திறந்து, டிரம்மர் பெயரைச் சொடுக்கி, அவர் வாசித்த பதிவுகளை ஆண்டு வரிசையில் பாருங்கள். பத்து நிமிடத்தில் நாலு புதுப் பெயராவது கிடைக்கும். வாங்கும் முன் ‘பதிப்புகள்’ பட்டியலில் ரன்அவுட் எழுத்துகளை (தட்டின் நடுவே ஒட்டிய காகித லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே கீறியிருப்பது) ஒப்பிடவும். பார்கோடை நம்ப வேண்டாம், பல அச்சுகளுக்கு ஒரே பார்கோடு வரும்.

ரெக்கேயில் இன்னும் நல்ல வழி ரிடிம். ஒரே இசைத்தளத்தின் மேல் பலர் பாடுவது ஜமைக்கா வழக்கம். ஜமைக்கா லேபிளான ஸ்டூடியோ ஒன்னின் ‘ரியல் ராக்’ ரிடிமைத் தேடினால் அதே பேஸ் வரியில் எத்தனையோ பாட்டுகள் வந்து விழும். 7 இன்ச்சின் பி பக்கத்தையும் விடாதீர்கள், ‘வெர்ஷன்’ (குரலை நீக்கிய இசை) அங்கேதான் இருக்கும். எதிரொலியும் வெட்டுமாகப் பாட்டை மாற்றிக் கலக்கும் டப் கிளம்பியதே அந்தப் பக்கத்திலிருந்துதான். ஜமைக்கா 7 இன்ச்களில் பெரும்பாலும் நடுத்துளை 38 மி.மீ. அடாப்டர் இல்லாவிட்டால் தட்டு நிற்காது.

புதிய ஜாஸுக்குச் சிகாகோவின் இன்டர்நேஷனல் ஆந்தம், லண்டனின் பிரவுன்ஸ்வுட் ஆகிய லேபிள்கள். புதிய சோலுக்கு புரூக்ளினின் டாப்டோன். பழைய சோலுக்குச் சிகாகோவின் நூமெரோ குரூப். ஊர் தாண்டாத சின்ன லேபிள்களைத் தோண்டி எடுப்பதுதான் அவர்கள் வேலை. இவர்களின் பேண்ட்கேம்ப் (இசை விற்கும் தளம்) பக்கங்களை ஃபாலோ செய்தால் வெளியீடு மின்னஞ்சலில் வரும்.

ஹைலைஃப்:
ஆப்பிரிக்கப் பதிவுகளுக்குப் பின்னட்டை சொன்ன விதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பல 70களின் பதிவுகளுக்கு மாஸ்டர் டேப்பே மிஞ்சவில்லை. நல்ல நிலையில் கிடைத்த தட்டிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்வதுதான் ஒரே வழி. கொஞ்சம் பொரிச்சல் கேட்டால் குறை சொல்லாதீர்கள். இரைச்சலை முழுக்கத் துடைத்திருந்தால் சிம்பலின் மினுக்கமும் சேர்ந்து போயிருக்கும், அதுதான் மோசம்.

சவுண்ட்வே, அனலாக் ஆப்பிரிக்கா, ஸ்ட்ரட் ஆகிய லேபிள்களின் தொகுப்புகளில் தொடங்கவும். உள்ளே வரும் கையேட்டை வழிகாட்டியாக வைத்து, பிடித்த பாடலின் மூல லேபிளையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு தேடுங்கள். எத்தியோப்பியாவுக்கு பியூடா மியூசிக் 1997-இல் தொடங்கிய எத்தியோபிக்ஸ் வரிசை. அதன் 4-ஆம் தொகுதி முழுக்க எத்தியோப்பிய ஜாஸ் கலைஞர் முலாட்டு அஸ்டாட்கே. அவர் பெயரை ரோமன் எழுத்தில் ‘கே’ போட்டும் ‘க்யூ’ போட்டும் எழுதுவார்கள், இரண்டிலும் தேடவும்.

ஊசிமுனை:
நன்றி நண்பர்களே. ஒரு சின்னக் கேள்வி: புதுத் தட்டில் நீண்ட பியானோ ஸ்வரம் மட்டும் அலைபாய்கிறது. டர்ன்டேபிள் கோளாறா?

பின்னட்டை:
33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 விநாடி. அலைச்சல் அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் நடுத்துளை மையத்தில் இல்லை என்று பொருள். மேலிருந்து பாருங்கள், ஒவ்வொரு சுற்றிலும் டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) இடமும் வலமும் ஆடும். வேறு இரண்டு தட்டுகளையும் போட்டுப் பாருங்கள். அவற்றில் ஆடாவிட்டால் இயந்திரத்தில் தப்பில்லை. துளையை அரமெடுத்து ராவாமல், கடையில் வேறு தட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள். ராவிய தட்டைத் திரும்ப எடுக்க மாட்டார்கள்.